இளஞ்சிறாரும் பேச்சுப் பயிற்சியும்

ஐந்து வயது நிரம்பிய குழந்தை முதன்முதலாகப் பள்ளிக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. பையும் பலகையும் புதியனவாக இருக்கலாம். ஆனால் அதன் நாவில் ஒரு மொழி ஏறக்குறைய முழுமையாகவே குடியேறியிருக்கிறது. 'தம்பி வந்தான்', 'தங்கை வந்தாள்', 'நாய் வந்தது' என்று திணையும் பாலும் பிறழாமல் அது பேசுகிறது. நேற்று நிகழ்ந்ததற்கு ஒரு வினைமுற்றும், நாளை நிகழப்போவதற்கு வேறொரு வினைமுற்றும் வேண்டும் என்பதை அறிந்திருக்கிறது. நன்னூலின் பெயரைக்கூட அது கேட்டதில்லை. ஆயினும் நன்னூலார் வகுத்த விதிகளுள் பல அதன் வாயில் வாழ்கின்றன.

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, "நான் பந்தைப் போடினேன்" என்று கூறக் கேட்டேன். அருகிலிருந்தோர் நகைத்தனர். எனக்கோ வியப்பே மிகுந்தது. 'போடினேன்' என்ற சொல்லை அவளுக்கு யார் கற்பித்தார்? தாயும் கூறியதில்லை, தந்தையும் கூறியதில்லை. ஆடு என்பது ஆடினேன் என்றும், ஓடு என்பது ஓடினேன் என்றும், பாடு என்பது பாடினேன் என்றும் வருவதை அவள் செவி நாள்தோறும் கேட்டது. கேட்டவற்றிலிருந்து ஒரு விதியைத் தானே கண்டுகொண்டது. அவ்விதியைப் 'போடு' என்ற சொல்லின்மேலும் ஏற்றியது. பிழைதான், ஆயினும், சிந்திக்கத் தெரிந்த ஒருவரே செய்யத்தக்க பிழை அது. சில திங்களில் 'போட்டேன்' என்பதே மீண்டும் மீண்டும் அவள் செவியில் விழ, எவரும் திருத்தாமலே அச்சொல் திருந்திவிட்டது.

இத்துணை அறிவோடு வந்த குழந்தை பள்ளியின் வாயிலைக் கடந்தவுடன் வாயடைத்துப் போவது ஏன்? மாணவர்களே, இவ்வினா உங்களுக்கும் உரியதே. உங்கள் வகுப்பிலேயே, நான்கு பக்கம் தவறின்றி எழுத வல்லவராயினும், ஊருக்குப் புதியவர் ஒருவர் தொடர்வண்டி நிலையத்திற்கு வழி கேட்டால் விடைகூற இயலாது தடுமாறுவோர் சிலர் இருக்கக்கூடும். விடை தெரிந்திருந்தும் எழுந்து நின்று கூற அஞ்சித் தலைகவிழ்ந்திருப்போர் பலர். அவர்களுடைய அச்சம் ஒன்பதாம் வகுப்பில் தோன்றியதன்று. முதல் வகுப்பில் தோன்றி, உடன் வளர்ந்தது.

வீட்டில் குழந்தை தேவை நோக்கிப் பேசுகிறது. பசித்தால் பேசும், பொம்மை உடைந்தால் பேசும், தெருவில் யானை வந்தால் ஓடிவந்து பேசும். கேட்பதற்கு ஒரு பாட்டியோ அத்தையோ இருக்கிறார். பள்ளியிலோ அது முதலிற் கேட்கும் கட்டளை, "வாயை மூடு, கையைக் கட்டு" என்பதாக இருந்துவிடுகிறது. பிறகு ஆசிரியர் ஒருவரே பேசுகிறார். நாற்பது குழந்தைகள் கேட்கின்றன. இடையிடையே "ஆம் ஐயா" என்று ஒருமித்துக் குரலெழுப்புவதே அவற்றுக்குக் கிடைக்கும் பேச்சுப் பயிற்சி. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என மொழித்திறன் நான்கு என்பர் கல்வி நூலார். அவற்றுள் முன்னிரண்டும் தாமே வந்துவிடும் என்று விட்டுவிட்டுப் பின்னிரண்டிற்கே பள்ளிகள் விரைகின்றன. அடித்தளம் இடாமல் சுவர் எழுப்பும் கொற்றனைக் கண்டால் நாம் நகைப்போம். இங்கே ஏனோ நகைப்பதில்லை.

பேச்சு எங்ஙனம் படிப்புக்கு அடித்தளமாகும் என்பதைத் தமிழெழுத்துக்களே காட்டும். 'க' என்னும் ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல் என்ற சொல்லின் முதலில் அது வன்மையாக ஒலிக்கிறது. அகல் என்ற சொல்லின் நடுவில் மெலிந்து ஒலிக்கிறது. சங்கு என்ற சொல்லில் மெல்லினத்தை அடுத்து வேறொரு வகையாக ஒலிக்கிறது. பக்கம் என்ற சொல்லில் இரட்டித்து அழுத்தமாக ஒலிக்கிறது. எழுத்தோ ஒன்றே. இவ்வேறுபாட்டை அரிச்சுவடி கற்பிப்பதில்லை, கற்பிக்கத் தேவையுமில்லை. அச்சொற்களை வாயால் வழங்கிப் பழகிய குழந்தை, எழுத்தைக் கண்டவுடன் உரிய ஒலியைத் தானே கொடுத்துவிடுகிறது. ஒரு சொல்லைக் காதால் கேட்டறியாத குழந்தையோ எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும்; படித்து முடித்த பின்னும் அதன் முகத்தில் ஒளி தோன்றாது. படித்தது சொல்லாக இராமல் எழுத்துக்களின் குவியலாகவே நின்றுவிடும்.

இனி, குழந்தையின் வாயை அடைக்கும் மற்றொரு காரணம் உண்டு. மற்றெல்லாவற்றினும் அதுவே கொடியது என்பது என் கருத்து. குழந்தை வீட்டில் பேசும் தமிழ் வேறு. நூலில் உள்ள தமிழ் வேறு. மதுரைப் பக்கத்துச் சிறுவன் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்பான். நெல்லைச் சிறுவன் 'அங்கன, இங்கன' என்பான். கொங்குநாட்டுச் சிறுமி சொல்லுக்குச் சொல் 'ங்க' சேர்த்து மரியாதை காட்டுவாள். பள்ளிக்கு வந்தவுடன் இவை யாவும் கொச்சை என்று இகழப்படுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கொச்சை என்பதன் பொருள் தெரியாது. தன் தாய் பேசுவது இழிவு என்பது மட்டும் அதற்கு விளங்கிவிடும். அன்றோடு அது பேச்சைக் குறைத்துக்கொள்கிறது.

செந்தமிழைப் போற்ற வேண்டும் என்பதற்காக வீட்டுத் தமிழை இகழ்தல் நம் முன்னோர் கருத்தன்று. வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் தம் நூலைச் செய்தார் என்று அதன் பாயிரம் கூறுகிறது. செய்யுள் இயற்றுதற்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தவரும் அவரே. திசைச்சொல் என்பது வெவ்வேறு நிலங்களின் மக்கள் தத்தமக்கே உரியதாக வழங்கும் சொல். அதனைச் செய்யுளிலேயே ஏற்கலாம் என்று இலக்கண ஆசிரியர் இடங்கொடுத்திருக்க, முதல் வகுப்பில் இடமில்லை என்பது பொருந்துமா?

கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளியில் யான் பணியாற்றிய காலத்தில், தொடக்க வகுப்பில் மீனவச் சிறுவன் ஒருவன் இருந்தான். பள்ளியிற் சேர்ந்து பல திங்கள் ஆகியும் அவன் வாய் திறந்ததைக் கண்டவர் இலர். 'மந்தன்' என்று அவனை ஒதுக்கியிருந்தனர். அவ்வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் ஒருநாள் பாடநூலை மூடிவைத்துவிட்டு, "இன்று கடலுக்குப் போகலாமா, கூடாதா? உங்களுள் யாருக்குத் தெரியும்?" என்று வினவினார். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் விழித்தனர். இவன் எழுந்தான், சாளரத்தின் வழியே தென்னங்கீற்று அசைவதைப் பார்த்தான், கொண்டல் வீசினால் என்னாகும், வாடை வீசினால் என்னாகும், கச்சான் எழுந்தால் கட்டுமரத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று இடைவிடாமற் கூறத் தொடங்கிவிட்டான். அவன் சொற்களுட் சில அந்த ஆசிரியைக்கே விளங்கவில்லை. விளங்காதவற்றை அவர் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆசிரியர் தன்னிடம் கேட்டுக் கற்கிறார் என்ற உணர்ச்சியால் அப்பிள்ளையின் முகம் மலர்ந்ததை யான் வாயிலில் நின்று கண்டேன்.

அவன் கூறிய கொண்டலும் வாடையும் கொச்சையா? கொண்டல் என்று கீழ்காற்றைக் கூறுதல் பழந்தமிழ் வழக்கு. வாடை என்னும் வடகாற்றின் பெயரையோ நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை என்னும் பத்துப்பாட்டு நூல் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. நகரத்துப் பிள்ளைகள் மேல்வகுப்பிற்கு வந்து உரைநூலின் துணையால் கற்கும் சொற்களை, அச்சிறுவன் தந்தையின் தோளிலிருந்தே கற்று வந்திருந்தான்.

அப்படியானால் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடலாமா எனின், கூடாது. கடற்கரைச் சிறுவன் நாளை கோவைக்குச் செல்வான். கோவைச் சிறுமி நாகர்கோவிலுக்குச் செல்வாள். யாவர்க்கும் விளங்கும் பொதுத்தமிழும், நூலைப் படித்தறிதற்குரிய எழுத்துத்தமிழும் அவர்களுக்கு வேண்டும். வீட்டுப் பேச்சை வெட்டி எறிந்துவிட்டு அவ்விடத்தில் இதனை நடுதல் ஆகாது. அதன் அருகிலேயே இதனையும் வளர்த்தல் வேண்டும். அதற்குரிய வழி மிக எளிது. சிறுவன் ஒருவன் ஓடிவந்து, "ஐயா, எங்க மாடு கன்னு போட்டுடுச்சு!" என்கிறான் எனக் கொள்வோம். "தவறு, 'பசு கன்று ஈன்றது' என்று ஐந்து முறை சொல்" என்றால் அவன் மறுநாள் வேறெந்தச் செய்தியையும் கொண்டுவர மாட்டான். "அப்படியா! உங்கள் பசு கன்று ஈன்றுவிட்டதா? கன்று என்ன நிறம்? எழுந்து நிற்கிறதா?" என்று கேட்கும் ஆசிரியரிடமோ அவன் கன்றின் நெற்றியில் உள்ள வெள்ளைச் சுட்டி வரையிற் கூறுவான். 'ஈன்றது' என்ற சொல்லும் அவன் செவியிற் புகுந்துவிடும். பத்துமுறை புகுந்தபின் ஒருநாள் தானே நாவில் ஏறும். 'போடினேன்' என்பது 'போட்டேன்' ஆனது இங்ஙனமே அன்றோ?

ஒலிப்புப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். தமிழாசிரியர்க்கு இஃது உயிர்நிலை போன்றது; எனினும் இதனைக் கற்பிக்கும் முறையிற் பெருங்குழப்பம் உள்ளது. எழுத்தொலிகள் எங்ஙனம் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில் விளக்கியுள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் முயற்சியால் வெவ்வேறு ஒலியாகிறது என்பது அவர் கருத்து. நாவின் நுனி எங்கே செல்கிறது, விளிம்பு எங்கே படுகிறது, ஒற்றுகிறதா, வருடுகிறதா என்றெல்லாம் அவர் நுணுகிக் கூறுவதைப் படித்தால், தம் வாயையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு அவர் ஆராய்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

லகரத்திற்கு நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, நா அண்ணத்தை ஒற்றுகிறது. ளகரத்திற்கு அது வருடுகிறது. ழகரத்திற்கு நுனிநா மேலே வளைந்து எழுந்து அண்ணத்தைத் தடவுவது போலச் செல்கிறது. நீங்கள் இப்பொழுதே 'வால், வாள், வாழ்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்; மூன்றிடத்தும் நா வேறு வேறு வேலை செய்வதை உணர்வீர்கள். இதனைச் சூத்திரமாக ஐந்து வயதுக் குழந்தைக்குக் கூறுதல் பயனற்றது. அதன் கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, வாயைத் திறந்து நாவைப் பின்னுக்கு வளைக்கச் சொன்னால் அஃது ஒரு விளையாட்டாகிவிடும். நா வளைந்த நிலையிலேயே குரல் கொடுக்கச் சொன்னால் 'ழ்' பிறக்கும். சிலர்க்கு முதல் நாளே வரும். சிலர்க்கு ஓராண்டும் ஆகும். ரகர ழகரங்கள் பல குழந்தைகளின் வாயில் காலந்தாழ்த்தே வருகின்றன. ஆகலின் ஐந்து வயதில் வரவில்லை என்று கலங்குதல் வேண்டா.

வாயைத் திருத்துமுன் செவியைத் திருத்த வேண்டும் என்பது மறக்கத் தகாத முறை. புலியின் படம் ஒன்று, புளியின் படம் ஒன்று என இரண்டு அட்டைகளைக் குழந்தையின் முன் வைத்து, ஆசிரியர் ஒரு சொல்லை மட்டும் கூறி, உரிய அட்டையைத் தொடச் சொல்ல வேண்டும். பனி, பணி, கலை, களை, கிளி, கிழி என இங்ஙனம் எத்தனையோ இணைகள் தமிழில் உள்ளன. செவி பிரித்தறிந்த வேறுபாட்டை வாய் நாளடைவில் எட்டிப்பிடித்துவிடும். செவி பிரித்தறியாததை வாயில் திணித்தால், ஆசிரியர் முன்னிலையில் ஒரு ழகரமும் திண்ணையில் ஒரு ளகரமுமாக இரண்டு நாக்குடையவனாக மாணவன் வளர்வான்.

தென்மாவட்டங்களில் பழம் என்பது 'பளம்' என்றும், சென்னையைச் சூழ்ந்த வடபகுதிகளில் 'பயம்' என்றும் பேச்சில் வழங்குதல் உண்டு. இஃது ஒரு குழந்தையின் குற்றமன்று, ஊரின் வழக்கு. வாழைப்பழம் கேட்ட குழந்தையைப் பத்துப் பேர் முன்னிலையில் நகைப்புக்கு உள்ளாக்கும் ஆசிரியரால் தமிழுக்கு ஒரு ழகரமும் மிஞ்சாது. ரகர றகர வேறுபாட்டைப் பற்றியும் ஒன்று கூறுவேன். பெரும்பாலான ஊர்களின் பேச்சில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. கற்பிக்கும் ஆசிரியர் வாயிலேயே அஃது இல்லாதபோது, குழந்தையை மட்டும் வருத்துதல் முறையாகாது. அதனை எழுத்துப் பயிற்சியின்போது நினைவிற் பதியச் செய்தலே போதும்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களுக்கு அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கேட்டலும் கல்வியே என்பது அவ்வைப்பினால் விளங்கும். குழந்தைக்குக் கேள்விச் செல்வம் கதையின் வாயிலாகவே மிகுதியாகக் கிடைக்கிறது. குசராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885–1939) என்பவர் வழக்கறிஞராக இருந்து குழந்தைக் கல்விக்குத் திரும்பியவர். பாவநகரில் 1920-ஆம் ஆண்டில் பாலமந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கியவர். பகற்கனவு எனப் பொருள்படும் 'திவாஸ்வப்னா' என்னும் அவருடைய நூலில், புதிய ஆசிரியர் ஒருவர் அடங்காத நான்காம் வகுப்பொன்றை ஏற்கிறார். அமைதியாக இருக்கச் செய்யும் விளையாட்டு ஒன்றை முதலில் நடத்திப் பார்க்கிறார். அஃது ஆரவாரத்தில் முடிகிறது. பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார். கூச்சல் தானே அடங்குகிறது. நீண்ட கதையை நிறுத்தி நிறுத்திக் கூறி, பிள்ளைகளின் நாட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியே மற்றப் பாடங்களுக்குச் செல்கிறார்.

கதை கேட்பதோடு நின்றால் பாதிப் பயனே கிடைக்கும். கேட்ட கதையைக் குழந்தை திருப்பிக் கூற வேண்டும். அவ்வாறு கூறும்போது நரியைக் கரடியாக்கலாம்; இறந்த முயலை உயிர்ப்பிக்கலாம்; முடிவை மாற்றலாம். தடுத்தல் கூடாது. மாற்றிக் கூறும் குழந்தையே பேசுகிறது. மாற்றாமல் கூறும் குழந்தை ஒப்புவிக்கிறது. மனப்பாடத்தை யான் இகழ்வதாக எண்ண வேண்டா. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நாவுக்கு நயமும் நினைவுக்கு வலிமையும் தருவன. யானும் அவ்வழி வந்தவனே. ஆயினும் மனப்பாடம் வேறு, பேச்சு வேறு. ஆண்டுவிழா மேடைகளில், தந்தை எழுதிக் கொடுத்த சொற்பொழிவை ஆறுவயதுப் பிள்ளை கையை வீசி முழங்குவதைக் கேட்டு அவையோர் ஆரவாரிக்கின்றனர். மேடையிலிருந்து இறங்கிய அப்பிள்ளையிடம், "தண்ணீர் வேண்டுமா, தம்பி?" என்றால் தாயின் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொள்கிறது! அங்கே பேசியது தந்தையின் நா.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பேச நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை. ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமலிருந்தால்கூட ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது ஒரு நிமிடமே. ஆனால் இருவர் இருவராக அமர்த்தி ஒருவரோடொருவர் பேசச் செய்தால், பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடம் கிடைத்துவிடும். ஓசை மிகும், மிகட்டும். தேனீக்கள் இல்லாத கூட்டில்தான் ஓசை இராது.

பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மாணவன் இருப்பான். சிறுவர்க்கு அவன் பாடம் சொல்லிவைப்பான். உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வரலாற்றில் அப்பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே, எழுதும் எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லுதல் அங்கே வழக்கம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை 1789-ஆம் ஆண்டு முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனைத் தம் இல்லத்திற் புகுத்தினார். மூத்த சிறுவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். அதனைப் பற்றி 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் 'சென்னை முறை' என்ற பெயரோடு அது மேலைநாடுகளிற் பரவியது. அம்முறையில் ஒரு குறையும் இருந்தது. சட்டாம்பிள்ளை தான் ஒப்பித்ததையே பிறரையும் ஒப்பிக்கச் செய்தான், அவர்களைப் பேசவைக்கவில்லை. மேலும், அவன் கையில் பிரம்பும் இருந்தது.

நம் காலத்திற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளில் கொணரப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டமும், கதை, பாடல், விளையாட்டு, குழுப் பேச்சு ஆகியவற்றுக்கு வகுப்பில் இடமளித்தன. திட்டம் இடமளிக்கும், அவ்விடத்தை நிரப்புவது ஆசிரியரின் பொறுமையைப் பொறுத்தது. எந்தத் திட்டத்தாலும் பொறுமையை அச்சிட்டு வழங்க இயலாது.

வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகளும் நம் பள்ளிகளில் உளர். ஓசூர்ப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராட்டிரமும், நீலகிரியில் படுகமும் வீட்டுமொழியாக உடைய குழந்தைகள் பலர். தமிழ்நாட்டிற் பள்ளிகளில் தமிழ் கற்றலைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய சட்டம் 2006-ஆம் ஆண்டில் வந்தது. அக்குழந்தைகளுக்கு எழுத்துக்கு முன் பேச்சு என்னும் முறை மற்றவரினும் இன்றியமையாதது. அவர்களுடைய மொழியில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் தாய்க்கும் வழங்கும் சொற்களையேனும் ஆசிரியர் கற்றுக்கொண்டு, அவற்றை வாயாற் கூறி அழைப்பாராயின், அவர் கூறும் தமிழ்ச்சொல்லுக்குக் குழந்தையின் செவி தானே திறக்கும்.

பேச்சில் இயற்கையான தடை உடைய குழந்தைகளையும் மறத்தலாகாது. திக்கிப் பேசும் பிள்ளை ஒரு சொல்லில் நின்று தவிக்கும்போது, உதவுவதாக எண்ணி அச்சொல்லை நாமே கூறி முடித்துவிடுகிறோம். அது தவறு. அதன் கண்ணைப் பார்த்துக் கொண்டு, அதுவே முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அழைத்தும் திரும்பாத குழந்தையை முரடன் என்று கடிந்துகொள்ளுமுன், அதன் செவிப்புலனை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கேளாத செவியின் பொருட்டுப் பிரம்படி பட்ட பிள்ளைகளின் கதை நம் ஊர்களில் ஒன்றிரண்டல்ல.

இவையெல்லாம் ஆசிரியர்க்குக் கூறத்தக்கன. எங்களுக்கு ஏன் கூறினீர் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுட் பலர்க்குத் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். இல்லையெனில் அண்டை வீட்டில் ஒரு சிறு பிள்ளையேனும் இருக்கும். உங்கள் கையிற் பிரம்பு இல்லை. ஆகவே சட்டாம்பிள்ளையினும் நீங்கள் நல்ல ஆசிரியராகலாம். "பள்ளியில் இன்று என்ன படித்தாய்?" என்று கேளாதீர்கள், "ஒன்றுமில்லை" என்ற விடையே வரும். "இன்று வகுப்பில் யார் அழுதார்? எதற்காக?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு காப்பியமே வெளிவரும். மாலையில் இருவரும் சேர்ந்து புதிதாக ஒரு விடுகதை கட்டுங்கள். வீட்டிலுள்ள குடையையோ, அம்மியையோ, கைப்பேசியையோ எடுத்துக்கொண்டு, அதன் பெயரைக் கூறாமல் மற்ற எல்லாவற்றையும் கூறச் செய்யுங்கள். பெயரைக் கூறாதபோதுதான் எத்தனை சொற்கள் வேண்டியிருக்கின்றன என்பது விளங்கும்.

முற்காலத்து வீடுகளில் வேறொரு பயிற்சி யாரும் திட்டமிடாமலே நடந்து வந்தது. "எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் போய், நாளைக் காலையில் அம்மா கோயிலுக்குப் போகிறாள், நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டு வா" என்று குழந்தையை அனுப்புவர். குழந்தை அச்செய்தியை மனத்தில் ஏந்திச் செல்லும். அங்கே வணக்கத்தோடு கூறும். அவர் கூறிய விடையைத் திரும்பக் கொண்டுவரும். அவர் இரண்டு வினா வினவியிருந்தால் அவற்றுக்கும் தானே விடை கூறியிருக்கும். இன்று அச்செய்தியைக் கைப்பேசி கொண்டுபோய்விடுகிறது. குழந்தையின் வாய்க்கு வேலையில்லாமற் போய்விட்டது.

ஆதலின், அடுத்தமுறை வீட்டுக்குக் கடலைப்பருப்பு வாங்க வேண்டியிருந்தால், தங்கையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடையருகே நீங்கள் சற்று ஒதுங்கி நின்று, வேண்டியதை அவளே கேட்டு வாங்கட்டும் என்று விடுங்கள். பருப்பில் புழு உண்டா என்று பாட்டி கேட்கச் சொன்னதையும் அவளே கேட்கட்டும். வீடு திரும்பிய பின், கடையில் நடந்தவற்றைப் பாட்டியிடம் அவள் முதலிலிருந்து கூறுவாள். வழியில் கண்ட பூனையையும் நடுவே சேர்ப்பாள். பூனையின் வாலைப் பற்றியும் விரித்துரைப்பாள். அவள் கூறி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள். மீதிக் காசு எவ்வளவு என்பதைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.